ஜீப்ரா பிளெக்கோவை வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்க வைப்பது எப்படி?

வெள்ளை உடலில் கரிய வரிகள் ஓடும் ஜீப்ரா பிளெக்கோ, பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் ஒரு சிறு பகுதியில் மட்டுமே வாழும் கெளுத்தி இனம். இதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டதே 1991இல்தான். பெலோ மான்டே அணையால் அங்கு நீரோட்டம் குறைந்துவிட்டது. காட்டில் பிடித்த மீன்களை ஏற்றுமதி செய்யவும் பிரேசில் தடை விதித்துள்ளது. ஆகவே தொட்டியில் பிறந்த மீன்களை மட்டுமே வாங்குங்கள்.

முதலில் தொட்டி. ஐந்தாறு மீன்களுக்கு 100 லிட்டர் போதும். மீன் கழிவிலிருந்து உருவாகும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் நீர்ச் சோதனையில் பூச்சியம் காட்டும் வரை, எத்தனை வாரமானாலும், மீனை விடாதீர்கள். வெப்பம் 28 முதல் 30 டிகிரி இருக்கட்டும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் வலுவான ஃபில்டருடன், நீரில் காற்றுக் குமிழிகளை விடும் காற்றுக்கல்லும் வேண்டும். இந்த மீன் பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று எதிர்பார்க்காதீர்கள். இதற்குப் புழு, இறால் போன்ற புரத உணவுதான் பிடிக்கும்.

அடுத்தது மீன்கள் முட்டையிடும் குகை, வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. ஒரு முனை அடைபட்ட, 10 முதல் 12 செ.மீ. நீளமும் 3 முதல் 4 செ.மீ. அகலமும் உள்ள சுட்டமண் குழாய்களை, ஆண் மீன்களின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக வையுங்கள். உள்ளே நுழைந்த ஆணின் துடுப்புகள் சுவரைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் அளவு சரி. குழாய் அகலமாக இருந்தால், முட்டையிடுவதற்காக ஆண் உள்ளே அடைத்துவைக்கும் பெண் மீன் எளிதில் நழுவி வெளியே வந்துவிடும்.

ஆணுக்குத் தலை அகலம். செவுள்மூடியின் பின்னும் மார்புத் துடுப்பின் முன்முள்ளிலும் சிறு முட்கள் அடர்ந்திருக்கும். பெண்ணுக்கு, மேலிருந்து பார்த்தால், வயிறு உருண்டு தெரியும்.

சில வாரங்கள் நன்றாக உணவளித்த பின், இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்த மென்னீரால் (தாது உப்புகள் குறைந்த நீரால்) மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினால், மழைக்காலம் வந்துவிட்டதாக மீன்கள் நம்பும். அதன்பின் ஆண், பெண்ணைக் குகைக்குள் தள்ளிச் சில நாட்கள் அடைத்து வைப்பதைக் கண்டு பதற வேண்டாம். முட்டையிட்டதும் பெண் வெளியேறிவிடும், ஆண் வாயிலை மறித்துக்கொண்டு வாலால் விசிறும். நான் முதல் முறை ஆவலில் குழாயைத் தூக்கிப் பார்த்தேன். மிரண்ட ஆண் பத்துப் பன்னிரண்டு மஞ்சள் முட்டைகளையும் வெளியே தள்ளிவிட்டது. அப்படி நேர்ந்தால் அவற்றை வலைப்பெட்டியில், காற்றுக்கல்லின் அருகே வைத்து, வெண்மையாகப் பூஞ்சை பிடித்தவற்றை அன்றன்றே அகற்றுங்கள்.

ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சு பொரியும். குஞ்சின் வயிற்றில் உணவாக ஒட்டியிருக்கும் மஞ்சட்கருப்பை வற்ற மேலும் இரு வாரமாகலாம், அதுவரை உணவு தேவையில்லை. பின்னர் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறாலை நாளுக்கு இருமுறை கொடுத்து, மிச்சத்தை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். இவை மிக மெதுவாக வளரும், 2.5 செ.மீ. தாண்டும் வரை வேறு தொட்டிக்கு மாற்றாதீர்கள்.