கொல்லைக் கோழிக்கு வரும் பறவைக் காய்ச்சல்: கிருமி வரும் வழியும் அதை மறிக்கும் முறையும்

ஐப்பசி தொடங்கி மாசி வரை காவிரிப் படுகையில் மூன்று விதப் பறவைகள் ஒரே தண்ணீரில் வாய் வைக்கின்றன. கோடியக்கரைக்கும் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளுக்கும் வடக்கிலிருந்து வரும் வலசைப் பறவைகள் ஒன்று. அறுத்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்க ஊர் ஊராக ஓட்டிவரப்படும் வாத்துகள் இரண்டாவது. அதே வாய்க்கால் கரையைக் கிளறித் திரியும் நம் கொல்லைக் கோழிகள் மூன்றாவது. பறவைக் காய்ச்சல் கிருமி பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நகர்ந்து, கடைசியில் கோழியைப் பிடித்த கைக்கு வருகிறது. எந்த இடத்திலும் அதை மறிக்கலாம். ஆனால் அந்தக் கடைசி இடத்தில்தான் ஆள் உயிர் போகிறது என்பதால், கீழே அதற்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கிருமி பிறக்கும் இடம்

பறவைக் காய்ச்சலைத் தரும் இன்ஃபுளுயன்சா ஏ வைரசின் சொந்த வீடு நீர்ப்பறவையின் குடல். காட்டு வாத்து, கடற்காகம், உள்ளான் போன்றவற்றில் அது வளர்ந்து எச்சத்தில் இறங்கும். பறவைக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. வைரசின் மேற்புறத்தில் எச், என் என்று இரண்டு புரதங்கள் உண்டு. பறவைகளில் எச் 16 வகை, என் 9 வகை. எச்5என்1, எச்9என்2 என்ற பெயர்கள் அப்படி வந்தவைதான்.

எச்5, எச்7 இரண்டும் தனிக் கவனம் வேண்டியவை. எச் புரதத்தை ஒரு நொதி வெட்டிவிட்டால்தான் வைரஸ் செல்லுக்குள் நுழைய முடியும். சாதுவான வகையை வெட்டும் நொதி குடலிலும் மூச்சுக்குழாயிலும் மட்டுமே இருப்பதால் நோய் அங்கேயே நிற்கும். எச்5 அல்லது எச்7 கோழிக் கூட்டத்துக்குள் புகுந்து சுற்றிச் சுற்றிப் பெருகும்போது, அந்த வெட்டுமிடத்தில் கூடுதல் அமினோ அமிலங்கள் சேர்ந்துவிடுவதுண்டு. அதன்பின் உடம்பில் எல்லா உறுப்பிலும் உள்ள நொதியே அதை வெட்டும். மூளை, இதயம், ஈரல் என்று எங்கும் பரவி, ஒரு கொட்டகையே இரண்டு மூன்று நாளில் காலியாகும். 1996இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் வாத்தினக் கூஸ் பறவைகளில் கண்டறிந்த எச்5என்1இன் வழித்தோன்றல்தான் இன்று உலகம் முழுக்கச் சுற்றுகிறது. 2020க்குப் பின் பரவும் கிளை காட்டுப் பறவைகளையும் கூட்டமாகக் கொல்கிறது. ஆகவே ஏரிக்கரையில் நாரையோ காக்கையோ செத்துக்கிடந்தாலும் அது நமக்கு முன்னறிவிப்பு.

இன்னொரு வழியும் உண்டு. வைரசின் மரபுப்பொருள் 8 துண்டுகளாக இருக்கிறது. ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸ் நுழைந்தால், ஒரே களத்தில் இரண்டு ரக நெல்லை அடித்தது போலத் துண்டுகள் கலந்துவிடும். 256 விதச் சேர்க்கைகள் சாத்தியம். 1957இல் உலகைச் சுற்றிய காய்ச்சல், மனித வைரஸ் ஒன்று பறவை வைரசிடமிருந்து 3 துண்டுகளை வாங்கிப் பிறந்தது. 1968இல் வந்தது 2 துண்டுகளை வாங்கியது. பன்றியின் மூச்சுக்குழாயில் இரு வகை வைரசும் ஒட்டும் என்பதால் அது இந்தக் கலப்புக்கு வசதியான இடம். செத்த கோழியைச் சாக்கடையோரம் பன்றி தின்னட்டும் என்று வீசுவது எவ்வளவு பெரிய தப்பு என்பது இதிலிருந்தே புரியும்.

மனிதனுக்கு எளிதில் ஒட்டாததன் காரணம்

பறவை வைரஸ் பற்றிக்கொள்ளும் ஒட்டுமிடம் நம் மூக்கிலும் தொண்டையிலும் குறைவு; நுரையீரலின் ஆழத்திலும் கண்ணின் மெல்லிய சவ்விலும் இருக்கிறது. அதனால்தான் சிலருக்குக் கண் சிவப்பதோடு போகிறது, சிலருக்கு நேராகக் கடும் நிமோனியாவாக வருகிறது. வெப்பமும் ஒரு தடை: பறவையின் குடல் ஏறக்குறைய 41 டிகிரி, நம் மூக்கு 33 டிகிரி. குளிர்ந்த மூக்கில் பெருக, வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ள உதவும் பிபி2 என்ற புரதத்தில் 627ஆம் அமினோ அமிலம் போன்றவை மாற வேண்டியிருக்கும். ஒரு மனிதரிடமிருந்து அடுத்தவருக்குத் தொடர்ந்து பரவும் திறன் எச்5என்1க்கு இதுவரை வரவில்லை. ஆனால் ஒவ்வொரு புதிய மனிதத் தொற்றும் அந்த மாற்றத்துக்கு வைரசுக்குக் கிடைக்கும் ஒரு வாய்ப்பு. 1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி 6 பேர் இறந்தார்கள். 2003க்குப் பிறகு உலகளவில் உறுதியான நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிழைக்கவில்லை. இந்தியாவில் கோழிகளில் முதலில் கண்டது 2006இல், மகாராஷ்டிராவின் நவாப்பூரில். எச்5என்1ஆல் பதிவான முதல் மனித மரணம் 2021இல், ஹரியானாச் சிறுவன் ஒருவன்.

தண்ணீரும் வாத்தும்

எச்சத்தில் இருக்கும் வைரஸ் 4 டிகிரிக் குளிரில் 35 நாள், 37 டிகிரியில் 6 நாள் உயிரோடிருக்கும். நம் மார்கழி இரவு இந்த இரண்டுக்கும் நடுவில். நிழல் விழும் குட்டை, ஈரமான வாய்க்கால் கரை, வைக்கோலுக்கு அடியில் உள்ள சேறு ஆகியவை வெயில் படும் திடலைவிட அதிக நாள் கிருமியை வைத்திருக்கும்.

கோழிக்குக் குடிநீர் கைப்பம்பிலோ குழாயிலோ பிடித்து வையுங்கள். குட்டைத் தண்ணீரைத் தவிர வழியில்லை என்றால் ஒரு ராத்திரி தெளியவிட்டு, துணியில் வடிகட்டி, 1000 லிட்டருக்குச் சுமார் 10 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து, ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். கலங்கல் தண்ணீரில் நேராகப் போட்டால் குளோரின் முழுவதையும் சேறே தின்றுவிடும். தீவனத்தை மண்ணில் வீசாமல் தட்டில் வையுங்கள், அந்தியில் எடுத்துவிடுங்கள். சிந்திய குருணைதான் காக்கையையும் கொக்கையும் கொல்லைக்கு அழைக்கிறது.

வாத்து வளர்ப்பவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: வாத்து திடமாக நடந்துகொண்டே வைரசை வெளியேற்றும். கோழி செத்தால் தெரியும், வாத்தில் பல சமயம் தெரியாது. கண் பால்போல வெளுப்பது, கழுத்து சாய்வது, ஒரே இடத்தில் வட்டமிடுவது, முட்டை திடீரென்று குறைவது போன்றவற்றில் எது தென்பட்டாலும் கிடையை அடுத்த வயலுக்கு ஓட்டாதீர்கள், லாரியில் ஏற்றாதீர்கள். கிடை போடும்போது ஊருக்கும் குடிநீர்க் குளத்துக்கும் தள்ளி, வலசைப் பறவை இறங்கும் ஏரியின் கரையைத் தவிர்த்துப் போடுங்கள். வயல்காரர்களும் வாத்து மேய்ந்து போன வயலில் அன்றைக்கே கோழியை விடக் கூடாது. நன்றாகக் காயும்வரை பொறுக்க வேண்டும்.

வாத்தையும் கோழியையும் ஒரே கூட்டில் அடைப்பது நம் பக்கம் சாதாரணம். இதை மாற்றச் செலவு அதிகமில்லை: நடுவே ஒரு வலைத் தட்டி, தனித் தண்ணீர்ச் சட்டி, கோழி வேலை முடிந்தபின் வாத்து வேலை, அவ்வளவுதான். சந்தையில் வாங்கிய பறவையை 14 நாளாவது தனியாக வைத்த பிறகே கூட்டத்தில் விடுங்கள். சந்தையில் விற்காமல் திரும்பிவந்த சேவலும் புதுப்பறவை போலத்தான். காகித முட்டை அட்டையைக் கழுவ முடியாது என்பதால் அடுத்தவர் அட்டையை வாங்காதீர்கள்.

கொட்டகை வாசலில் கால் நனைக்கும் தொட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் அதைச் சடங்காக்கிவிடுகிறார்கள். லிட்டருக்கு 15 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் போட்டால் அரை சதவீதக் குளோரின் கிடைக்கும். ஆனால் சேறு ஒட்டிய செருப்போடு மிதித்தால் பலன் இல்லை. முதலில் சோப்புத் தண்ணீரும் பிரஷும், பிறகுதான் தொட்டி. வெயிலில் வைத்தால் மதியத்துக்குள் வீரியம் போய்விடும். நிழலில் வைத்துத் தினமும் மாற்றுங்கள். கடையில் வாய் திறந்து கிடந்த மூட்டையில் வாங்கிய பவுடரில் நெடி இல்லையென்றால் அதில் குளோரினும் இல்லை. பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ வேறு கழுவும் திரவத்தையோ கலக்காதீர்கள். நச்சு வாயு வரும். பாத்திரம், கூண்டு கழுவ லிட்டர் வெந்நீருக்கு 40 கிராம் சலவைச் சோடா போதும். 10 நிமிடம் ஊறவேண்டும்.

கோழி சாகத் தொடங்கினால்

கொண்டையும் தாடியும் நீலம் பாய்ந்து வீங்குதல், தலை வீக்கம், கால் செதிலில் ரத்தக் கட்டு, தோல்முட்டை, அறிகுறியே இல்லாமல் காலையில் விறைத்துக் கிடத்தல் ஆகியவை அடையாளங்கள். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) என்ற வேறு கோழி நோயிலும் கழுத்து திருகும், கழிச்சல் போகும், கூட்டமாகச் சாகும். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ‘போன வருசமும் இப்படித்தான், வெள்ளைக்கழிச்சல்’ என்று முடிவு கட்டுவதே நாம் செய்யும் பெரிய பிழை. ஓரிரு நாளில் இரண்டு மூன்று கோழி காரணமில்லாமல் செத்தால் அன்றே கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள்.

அவர்கள் வரும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மீதிப் பறவையைப் பஞ்சாரத்திலோ கூட்டிலோ அடையுங்கள். செத்ததை நாயும் பூனையும் காக்கையும் தொடாதபடி கவிழ்த்த அண்டாவால் மூடி நிழலில் வையுங்கள். மருத்துவர் மாதிரி எடுக்கும் முன் புதைத்துவிட்டால் நோய் இன்னதென்று தெரியாமலே போகும். பூனைக்கும் இது தொற்றிக் கொல்லும் என்பதால் இறகுகூட அதற்குக் கிடைக்கக் கூடாது.

டெல்டாவில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: செத்த கோழியை வாய்க்காலில் விடாதீர்கள். மேல்மடைக்காரர் விட்ட கோழி கீழ்மடைக்காரரின் வாத்துக்கும் குளிக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும். புதைக்கச் சொன்னால் தண்ணீர் ஊறாத மேட்டில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். சம்பா வயலில் இரண்டடியிலேயே ஊற்று வரும் இடங்கள் உண்டு, அங்கே வேண்டாம்.

மாதிரி போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆய்வகத்துக்குப் போய் உறுதியானால், நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் பறவைகள் அழிக்கப்படும். 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. உயிரோடிருக்கும்போது அரசு அழிக்கும் பறவைக்குத்தான் இழப்பீடு என்பதால், மறைத்து வைத்திருந்து செத்தபின் சொல்வது பணத்துக்கும் நட்டம். நோய் சந்தேகம் உள்ள கொட்டகையின் எருவைப் பச்சையாக வயலுக்கோ மீன் குளத்துக்கோ கொண்டுபோகக் கூடாது. அதிகாரிகள் சொல்லும்வரை அங்கேயே குவித்து, ஈரம் காட்டி, தார்ப்பாயால் மூடி வையுங்கள். குவியலின் உள்ளே ஏறும் சூடுதான் கிருமியைக் கொல்கிறது. ஆறு வாரமாவது விட வேண்டும்.

கை

தூங்கி வழியும் கோழியைச் சாகும் முன் அறுத்துக் குழம்பு வைத்துவிடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. காசு போட்டு வளர்த்ததை வீணாக்க மனம் வராது. அந்த மனம் புரிகிறது. ஆனால் குழம்பைவிட அறுக்கும் வேலைதான் ஆபத்து. கொதிக்கும் குழம்பில் வைரஸ் மிஞ்சாது, 70 டிகிரி உள்வரை ஏறினால் போதும். அதற்கு முன் ரத்தம் பீறிடுவது, சிறகடித்துச் சாரல் தெறிப்பது, இறகு பிடுங்கும் தூசி, குடல் கழுவும் கை, அந்தக் கை கண்ணைத் தேய்ப்பது: தொற்று ஏறுவது இங்கே. அறுப்பவர் அப்பா, பிடுங்கிக் கழுவுபவர் அம்மா, பக்கத்தில் உட்கார்ந்து இறகு பொறுக்குவது குழந்தை. நோய்க்கோழியை அறுக்கவே கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது.

திடமான கோழியை அறுக்கும்போதும் வெளியே, காற்று வரும் பக்கம் முதுகு காட்டி உட்காருங்கள். குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி இருக்கச் சொல்லுங்கள். உலர்ந்த இறகைப் பிடுங்காமல் வெந்நீரில் முக்கியபின் பிடுங்குங்கள், தூசி பறக்காது. கத்தி, பலகை தனி. வேலை முடிந்ததும் கையை முழங்கை வரை சோப்பு போட்டுத் தேயுங்கள். வைரசின் மேலுறை கொழுப்பு என்பதால் சாதாரண சோப்பே அதைக் கரைத்துவிடும். செத்த பறவையை எடுக்க வேண்டி வந்தால் கையுறை, இல்லாவிட்டால் இரண்டு பாலித்தீன் பை, என்95 முகக்கவசம், கண்ணாடி. சண்டைச் சேவலின் மூக்குச் சளியை வாயால் உறிஞ்சுவதும், வாயில் தண்ணீர் எடுத்து அதன் முகத்தில் ஊதுவதும் அறவே கூடாது.

முட்டை ஓட்டில் எச்சம் இருந்தால் உடைக்கும் முன் கழுவுங்கள். நோய் உள்ள காலத்தில் ஆஃபாயில் வேண்டாம், மஞ்சள் கரு இறுக வேக வேண்டும். பிரிட்ஜில் வைத்த கறியில் வைரஸ் சாகாது. குளிர் அதைப் பாதுகாக்கவே செய்யும்.

காய்ச்சல் வந்தால்

செத்த பறவையைத் தொட்ட நாளிலிருந்து 10 நாள் உடம்பைக் கவனியுங்கள். பெரும்பாலும் 2 முதல் 5 நாளில் தெரியும்: காய்ச்சல், இருமல், கண் சிவப்பு, உடம்புவலி, சிலருக்கு வயிற்றுப்போக்கு. மூச்சு வாங்கத் தொடங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். ஒசல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். கோழிப்பண்ணையில் வேலை செய்பவர்கள் ஆண்டுதோறும் சாதாரண ஃபுளு தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. ஆனால் ஒரே உடம்பில் இரண்டு வைரசும் சேர்ந்து துண்டுகள் கலக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

மருத்துவமனைக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள். நம் பக்கம் மழைக்காலக் காய்ச்சல் என்றாலே டெங்கு, எலிக்காய்ச்சல், டைபாய்டு என்றுதான் சோதனை எழுதுவார்கள். அது அவர்கள் தவறும் இல்லை. அதனால் சீட்டு போடும் இடத்திலேயே முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: ‘எங்கள் வீட்டில் கோழி செத்தது, இத்தனை நாளைக்கு முன் நான் அதைத் தொட்டேன்.’ அப்படிச் சொன்னால்தான் தொண்டையிலும் மூக்கிலும் சளி மாதிரி எடுப்பார்கள், தனியாகப் படுக்க வைப்பார்கள், வீட்டில் உள்ள மற்றவர்களையும் கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.