செல்ஃப் எடுக்காத டீசல் பிக்கப்: புது பேட்டரி வாங்கக் கிளம்பும் முன்

போன மார்கழியில் ஒரு விடிகாலை, ஏற்காடு நாகலூரில் காப்பி மூட்டை ஏற்றி நிறுத்தியிருந்த என் பிக்கப் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ‘பேட்டரி போச்சுண்ணா’ என்றார்கள். மச்சானுக்கு போன் போட்டேன். அவன் சேலத்தில் புது பேட்டரி வாங்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து சேர்ந்தான். மாட்டினோம், வண்டி கிளம்பிவிட்டது. மூன்றாம் நாள் சேலம் லீ பஜார் சந்தையில் மூட்டையை இறக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினால் மறுபடியும் அதே ‘டக்’. கடைசியில் பார்த்தால் கோளாறு எர்த் வயரில், அதாவது பேட்டரி மைனஸை இன்ஜினோடு இணைக்கும் கேபிளில்.

அதன் பிறகுதான் மீட்டர் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். பெரிய வித்தை எதுவும் இல்லை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப், 10, 13 நம்பர் ஸ்பேனர்கள், உப்புத்தாள், வீட்டிலிருந்து கொஞ்சம் ஆப்பசோடா இருந்தால் போதும்.

முதலில் வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். மலையில் நிற்கிற வண்டி என்றால் சக்கரத்துக்குக் கல்லும் வையுங்கள். சோதனைக்கு நடுவே இன்ஜின் கிளம்பிவிடலாம், அதனால் ஃபேன் பெல்ட் பக்கம் கையோ துண்டோ போகக் கூடாது. மோதிரம், வாட்ச்சைக் கழற்றிவிடுங்கள். செல்ஃபை, அதாவது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டாரை, ஒரு தடவைக்கு ஐந்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். நடுவில் அரை நிமிடமாவது ஆறவிட வேண்டும், இல்லையென்றால் மோட்டார் சூடேறி அதுவும் போய்விடும்.

சத்தத்தைக் கேளுங்கள்

மீட்டரை எடுப்பதற்கு முன் காது பாதி வேலையை முடித்துவிடும். ‘டகடகடக’ என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு ‘டக்’ என்றால் தடித்த கேபிள், எர்த், இல்லை செல்ஃப் மோட்டார். சத்தமே இல்லை என்றால் சாவியிலிருந்து செல்ஃபுக்குப் போகும் சின்ன வயரின் பாதையைப் பார்க்க வேண்டும். இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபில் குறை இல்லை. ஹீட்டர் பிளக் (குளிரில் டீசல் பிடிக்க இன்ஜினுக்குள் சூடேற்றுவது), டீசல் பக்கம் போங்கள்.

பேட்டரி

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து பேட்டரியின் இரண்டு முனையிலும் தொடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.

நிற்கும்போது 12.6 காட்டுகிறதே என்று நம்பிவிடவும் கூடாது. ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரைக் கவனியுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 10-க்கு மேல் நின்றால் பேட்டரி நல்லது. 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். மலைக் குளிரில் பேட்டரியின் பலம் குறையும், ஆயிலும் கெட்டிப்படும். சேலத்தில் தள்ளாடியபடி ஓட்டிய பேட்டரி ஏற்காட்டில் விடிகாலை கைவிடுவது அதனால்தான்.

டெர்மினலும் எர்த்தும்

எனக்குப் பாடம் கற்றுக்கொடுத்த இடம் இது, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

டெர்மினலைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் லூஸ். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொடி பூத்திருந்தால் கழற்றித் துடைக்க வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்து, பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்பசோடா கரைத்துக் கழுவி, உப்புத்தாளால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். சோடா தண்ணீர் பேட்டரிக்குள் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எர்த். பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு ஒரு கேபிள், இன்ஜினுக்கு ஒன்று போகும். என் வண்டியில் இன்ஜினுக்குப் போகும் கேபிள் வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருந்தது. கேபிள் முனையில் போல்ட் மாட்டும் லக்குக்குப் பக்கத்தில் ரப்பரை அறுத்துப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சையாகி, ஏழெட்டு இழைதான் மிச்சம்.

இதைப் பஸ்ஸர் சோதனையில், அதாவது வயர் அறுபடாமல் இருந்தால் மீட்டர் ‘பீப்’ என்று கத்தும் சோதனையில், கண்டுபிடிக்க முடியாது. ஒரு இழை இருந்தாலும் மீட்டர் ‘பீப்’ என்றுதான் கத்தும். டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் அளவுக்குக் கரண்டை இழுக்கிறது என்று வையுங்கள். கேபிளில் 0.01 ஓம் தடை இருந்தால்கூட 2 வோல்ட் அங்கேயே காலி. 0.01 ஓமை நம் மீட்டர் காட்டாது, ஆனால் 2 வோல்ட்டைக் காட்டும். அதனால் செல்ஃப் அடிக்கும்போதே அளக்க வேண்டும்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்தின் மேலேயே வையுங்கள், டெர்மினல் கிளிப்பில் அல்ல. மற்ற முனையை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் சரி. என் வண்டியில் 2.4 காட்டியது! இதே மாதிரி பேட்டரி பிளஸ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே அளந்தால் 0.5-க்குள் இருக்க வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. ஜம்பர் கேபிள் ஒன்றை பேட்டரி மைனஸிலிருந்து நேராக இன்ஜின் இரும்புக்குக் கொடுங்கள். செல்ஃப் எடுத்துவிட்டால் குற்றவாளி எர்த்தான்.

சாவிப் பாதை

சத்தமே வராத வண்டிக்கு இது. செல்ஃபின் மேல் உள்ள சொலினாய்டில் (சாவியைத் திருப்பினால் மோட்டாருக்குக் கரண்டை விடும் காந்த சுவிட்ச்) ஒரு சின்ன வயர் வரும். டெஸ்ட் லாம்ப் கிளிப்பை எர்த்தில் மாட்டி, முனையை அந்த வயரில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். லாம்ப் எரியவில்லை என்றால் கோளாறு பியூஸ், ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), சாவி சுவிட்ச், சில வண்டிகளில் கிளட்ச் சுவிட்ச், இவற்றில் ஒன்றில். ரிலேயைப் பார்க்க எளிய வழி, அதே நம்பர் போட்ட ஹாரன் ரிலேயைக் கழற்றி இதில் போட்டுப் பார்ப்பதுதான்.

லாம்ப் பிரகாசமாக எரிகிறது, தடித்த கேபிளும் எர்த்தும் சரி, ஆனாலும் சுற்றவில்லையா? செல்ஃபைக் கழற்ற வேண்டியதுதான். அதற்கு முன், ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, செல்ஃபின் உடம்பில் மரக்கட்டையால் லேசாகத் தட்டுங்கள். சுற்றிவிட்டால் பெரும்பாலும் உள்ளே சுற்றும் பாகத்துக்குக் கரண்டைக் கொடுக்கும் கார்பன் துண்டுகள் தேய்ந்திருக்கும். அன்றைக்கு வண்டியைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அது போதும்.

மலையில் எல்லாரும் சொல்லும் யோசனை, ‘இறக்கத்தில் உருட்டி செகண்டு கியரில் விடு, பிடிச்சுக்கும்’. சமதளத்தில் தள்ளிக் கிளப்பலாம், தப்பில்லை. ஏற்காடு இறக்கத்தில் வேண்டவே வேண்டாம். இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்கை அழுத்த உதவும் பூஸ்டருக்கு வேக்குவம் கிடைக்காது, பவர் ஸ்டீயரிங்கும் கல் மாதிரி இறுகிவிடும். லோடு வேறு பின்னாலிருந்து தள்ளும்.

வண்டி கிளம்பியதும் இன்ஜின் ஓடும்போதே பேட்டரியில் இன்னொரு தடவை மீட்டரை வையுங்கள். பொதுவாக 13.8-லிருந்து 14.5-க்குள் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் ஆல்டர்நேட்டர் (ஓடும் இன்ஜினால் பேட்டரியைச் சார்ஜ் செய்வது) சார்ஜ் ஏற்றவில்லை, நாளைக் காலையும் இதே இடத்தில்தான் நிற்பீர்கள்.