வீட்டில் பதிந்த பாட்டு: கேட்பது, பதிவது, பகிர்வது

திருகோணமலையில் இரவு பத்து மணிக்குப் பிறகு ஒரு ஒழுங்கையால் நடந்து போனால், எங்கோ ஒரு வீட்டில் யாரோ கீபோர்டில் ஒரு மெட்டைத் தேடிக்கொண்டிருப்பது கேட்கும். பெரும்பாலும் அந்த மெட்டு அந்த அறையோடு நின்றுவிடுகிறது. அது இன்னும் நாலு பேரின் காதுக்குப் போகவேண்டும் என்பது என் ஆசை. ஸ்டூடியோ தேவையில்லை. ஒரு போன், ஒரு வயர் இயர்போன், இசை பழகும் இரண்டு மூன்று நண்பர்கள் போதும்.

படி 1: முதலில் மற்றவர் பாட்டைக் கேளுங்கள்

நண்பர்கள் ஐந்து பேர் சேர்கிறார்கள். ஐந்து பேரும் தங்கள் பாட்டை அனுப்புகிறார்கள், ஒருவரும் மற்றவருடையதைக் கேட்பதில்லை. இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால்தான் கேட்பதை முதல் படியாக வைக்கிறேன்.

ஒரு பாட்டை மூன்று முறை கேளுங்கள். முதல் முறை வேறு வேலை எதுவும் செய்யாமல் சும்மா கேளுங்கள். இரண்டாம் முறை கையில் ஒரு தாள் இருக்கட்டும். மனதைத் தொட்ட இடத்தையும் இடறிய இடத்தையும் நிமிடம், விநாடியோடு குறித்துவையுங்கள். மூன்றாம் முறை இயர்போனில் கேளுங்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் தாழ்ந்த ஓசைகள் வராது. மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்க உயர்ந்த ஓசை) கேட்கும், தொப்பி (இடப்பக்கத் தாழ்ந்த ஓசை) காணாமல் போகும். அதைக் கேட்டுவிட்டு வாசித்தவரைக் குறை சொன்னால் பாவம்.

படி 2: கேட்டதைச் சொல்லுங்கள்

‘சூப்பர்’ என்று எழுதினால் அவருக்குச் சந்தோஷம்தான், ஆனால் அடுத்த பாட்டுக்கு அது உதவாது. இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். நான் முதன்முதலில் ஒரு புல்லாங்குழல் பதிவை அனுப்பியபோது உவர்மலையில் இருக்கும் ஒரு அண்ணா இப்படி எழுதினார்: “தம்பி, 0:40இல உம்மட கால் தாளம் தட்டுறது கேக்குது. அதை வெட்டிப் போடாதையும், நல்லா இருக்கு.” அதை அழிக்கத்தான் நான் இரண்டு நாளாகப் போராடிக்கொண்டிருந்தேன்! அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் என் பதிவை நானே ஒழுங்காகக் கேட்டேன்.

படி 3: உங்கள் பாட்டைப் பதியுங்கள்

அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ‘டங்’ என்று சுவர் திருப்பிச் சொன்னால் அந்த அறை வேண்டாம். மெத்தையும் உடுப்பு நிறைந்த அலுமாரியும் உள்ள அறை நல்லது. அலுமாரிக் கதவைத் திறந்துவிட்டு அதைப் பார்த்தபடி பாடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். நம்மூர் வெக்கையில் கஷ்டம்தான், நாலு நிமிடம் பொறுங்கள். போனை ஃபிளைட் மோடில் போட்டு, வாயிலிருந்து ஓரடி தள்ளி ஒரு புத்தகத்தின்மேல் வையுங்கள்.

ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசும்போது யன்னலைச் சாத்தினாலும் இரைச்சல் வரும். டச்பே கடற்கரையில் பதிய ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன்: போனின் அடிப்பக்கத்தில் மைக் துளை இருக்கும். அந்தப் பக்கம் ஒரு மெல்லிய பருத்திக் காலுறையை மாட்டுங்கள். காற்று மைக்கில் அடித்து ‘புர்ர்’ என்று வரும் சத்தம் பெரிதும் குறையும், அலைச் சத்தம் அப்படியே இருக்கும்.

பாடத் தொடங்குமுன் ஐந்து விநாடி அமைதியாக இருங்கள். அது அடுத்த படிக்குத் தேவை.

படி 4: கொஞ்சம் சுத்தம் செய்யுங்கள்

கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். போன் எம்4ஏ கோப்பாகப் பதிந்தால் ஆடாசிட்டி அதைத் திறக்க எஃப்எஃப்எம்பெக் என்ற துணை மென்பொருளைக் கேட்கலாம். ரெக்கார்டரின் அமைப்பில் வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு) இருந்தால் அதைத் தெரிவுசெய்துவிடுங்கள், தொல்லை இல்லை. அந்த ஐந்து விநாடியைத் தெரிவுசெய்து, ‘நொய்ஸ் ரிடக்‌ஷன்’ உள்ளே ‘கெட் நொய்ஸ் ப்ரொஃபைல்’ அழுத்துங்கள். பிறகு முழுப் பாட்டையும் தெரிவுசெய்து, அதே இடத்துக்குத் திரும்பிப் போய் இரைச்சலை 6 டெசிபெல் மட்டும் குறையுங்கள். ஆசைப்பட்டுக் கூட்டினால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். கடைசியாக ‘நார்மலைஸ்’ கொடுத்து உச்சத்தை -1 டெசிபெலில் வையுங்கள்.

படி 5: அனுப்புங்கள்

44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ வேவில் நாலு நிமிடப் பாட்டு சுமார் 42 எம்.பி. வரும். அதையே 192 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 6 எம்.பி.க்குள் அடங்கும். நண்பரின் டேட்டாவும் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகப் பதிந்து அனுப்பாதீர்கள். அது பேச்சுக்கென்று மிகச் சுருக்கப்படுவது, வயலினின் மினுக்கமெல்லாம் போய்விடும். ‘டாக்குமென்ட்’ வழியாக அனுப்பினால் கோப்பு மாறாமல் போகும்.

பொதுவில் ஏற்றுவதென்றால் உரிமையைப் பாருங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, படைத்தவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை உண்டு. கோணேசர்மேல் சம்பந்தர் பாடிய பதிகத்தைத் தாராளமாகப் பாடலாம். ஆனால் பின்னணிக்கு வேறொருவர் பதிந்த டிராக்கை எடுத்தால் அவரிடம் கேட்கவேண்டும்.

அனுப்பும்போது கூடவே ஒரு வரி எழுதுங்கள்: “1:30இல் சுருதி நிற்கிறதா என்று பாருங்கள்.” எங்கே காது கொடுக்கவேண்டும் என்று தெரிந்தால் பதில் சீக்கிரம் வரும். வரும்வரை அவர் அனுப்பியதைக் கேட்டுக்கொண்டிருங்கள்.