மனச்சோர்வுக்கு மாத்திரை, கையில் நர்சிங் புத்தகம்: பெங்களூரில் இரண்டையும் ஓட்டும் வழி

டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே நர்சிங் படிக்கலாம், எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படிக்கலாம், சைக்காலஜியும் படிக்கலாம். இடையில் தடுமாறுபவர்களில் பலர், சிகிச்சையின் காலண்டரும் கல்லூரியின் காலண்டரும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அதனால் முதல் வேலை, இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்ப்பது.

சேரும் முன்

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளுவோக்சிடின் போன்ற மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம். ஆனால் குமட்டல், தலைவலி, தூக்கக் குழப்பம் எல்லாம் முதல் இரண்டு வாரத்திலேயே வந்துவிடும். அந்த இரண்டு வாரத்தில் வார்டில் நிற்பது நரகம். ஆகஸ்டில் வகுப்பு தொடங்குகிறது என்றால் ஜூலை கடைசியில் சிகிச்சையைத் தொடங்காதீர்கள். மே மாதமே டாக்டரைப் பாருங்கள். 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களிலும், டோஸ் மாறும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம். அந்த நாட்களில் தனி அறை வேண்டாம். வீட்டில் ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருக்கட்டும்.

தயாரா என்று அளக்க, மனச்சோர்வின் அளவைக் காட்டும் பி.எச்.கியூ.-9 கேள்வித்தாள் போதும். ஒன்பது கேள்வி, மொத்தம் 27 மதிப்பெண், எண் கூடினால் சோர்வு கூட. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான் கேட்கும். 10-க்குக் கீழே இறங்கிச் சில வாரம் அங்கேயே நின்றால் சேரலாம் என்பது எங்கள் கணக்கு. 15-க்கு மேல் இருக்கும்போது 'சேர்ந்தால் சரியாகிவிடும்' என்று சேர்வது வீண். பிறருக்குச் செய்யும் சேவை நம் நோய்க்கு மருந்து ஆகாது. ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது; அதற்குப் பூஜ்யம் தவிர எது விழுந்தாலும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

எந்தப் படிப்பு

நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங்கில் நைட் டியூட்டி தப்பாது. எம்.எஸ்.டபிள்யூ. இரண்டு வருடம், ஃபீல்டு ஒர்க் அலைச்சல் அதிகம், ஆனால் பெரும்பாலும் பகலில். எம்.ஏ. சைக்காலஜி உடம்புக்கு இலகு. ஆனால் அதை மட்டும் முடித்துவிட்டு 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு மாட்ட முடியாது, ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். தூக்கம் கெட்டால் நோய் திரும்பும் என்று முன்பே தெரிந்தவர்கள் நர்சிங்கை இரண்டு முறை யோசியுங்கள்.

வருகைப் பதிவு

இங்குதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் தியரிக்கும் பிராக்டிகலுக்கும் 80% வருகை இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். விடுப்புக்கு என்ன காரணம் என்று விதி பார்ப்பதில்லை. மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் கொடுத்தாலும் குறைவு குறைவுதான். பிராக்டிகல் நாட்கள் பட்டம் வாங்குவதற்குள் 100% ஆகவேண்டும், விட்டதை ஈடுகட்டியே தீர வேண்டும்.

மாதம் 26 வேலை நாள் என்றால் கையில் இருப்பது ஐந்து நாள். ஒன்று ஓ.பி.க்கு, இரண்டு எழுந்திருக்கவே முடியாத நாட்களுக்கு, மீதி இரண்டு காய்ச்சலுக்கும் ஊர்ப் பயணத்துக்கும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஒரு பொறியைத் தவிர. பெரிய ஆஸ்பத்திரிகளில் உங்கள் டாக்டரின் யூனிட்டுக்கு வாரத்தில் குறிப்பிட்ட கிழமையில்தான் ஓ.பி. இருக்கும். அது புதன் என்றால் ஒவ்வொரு முறையும் புதன்கிழமைப் பாடமே அடிபடும். மொத்தத்தில் 88% இருந்தும் ஒரே பாடத்தில் 74% ஆகி நிற்பது இப்படித்தான். டைம்டேபிள் கையில் வந்த அன்றே கிழமையை ஒப்பிட்டுப் பாருங்கள். நிலைமை சீராக இருந்தால், ஒரு மாதம் நேரிலும் அடுத்த மாதம் வீடியோவிலும் பார்க்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

எங்கே சிகிச்சை

நீங்கள் பயிற்சி பெறும் இடத்திலேயே சிகிச்சை எடுக்காதீர்கள். உங்களுக்கு மதிப்பெண் போடுபவரே உங்கள் கேஸ் ஃபைலைப் புரட்டும் நிலை யாருக்கும் நல்லதல்ல. மனநலப் போஸ்டிங்குக்குக் கல்லூரி எங்கே அனுப்புகிறது என்று சேரும்போதே கேளுங்கள். அது நிம்ஹான்ஸ் (மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான மத்திய அரசு ஆஸ்பத்திரி) என்றால் நீங்கள் சிவாஜிநகர் பௌரிங் ஆஸ்பத்திரிக்கோ கோரமங்களா செயின்ட் ஜான்ஸுக்கோ போகலாம். போஸ்டிங் வேறிடம் என்றால் நிம்ஹான்ஸே நல்லது. அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கத்துப் பெரியவர்கள் அந்தப் பேரைக் கேட்டதும் மோவாயில் கை வைப்பார்கள். ஆனால் அங்கே நரம்பியலும் இருக்கிறது; வரிசையில் நிற்பவர் வலிப்புக்கு வந்தாரா, தலைவலிக்கு வந்தாரா, யாருக்குத் தெரியும்?

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. கல்லூரியின் உடல்தகுதிப் படிவத்தில் பொய் எழுத வேண்டாம், கதையும் எழுத வேண்டாம். டாக்டரிடம் மூன்று வரிக் கடிதம் வாங்குங்கள்: சிகிச்சையில் இருக்கிறார், நிலை சீராக உள்ளது, படிப்பைத் தொடரத் தகுதி உண்டு. மாத்திரைப் பெயர் அதில் தேவையில்லை.

டியூட்டியும் மாத்திரையும்

மாத்திரையைக் கடிகாரத்தோடு கட்டாமல் தூக்கத்தோடு கட்ட வேண்டியவை சில உண்டு. மிர்டாசபின் என்ற டிப்ரஷன் மாத்திரை தூக்கம் வரவழைக்கும். அதை இரவு 9 மணிக்குப் போட்டுவிட்டு நைட் டியூட்டிக்குப் போனால் ஊசி அளவு தப்பும். டியூட்டி முடிந்து காலையில் படுக்கும்போது போடலாமா என்று போஸ்டிங் தொடங்குமுன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்சிட்டலோபிராம் போன்றவை தூக்கத்தைக் கலைத்தால் பொதுவாக எழுந்ததும் போடச் சொல்வார்கள். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

எட்டு மணி நேரம் நின்றால் இடுப்பு வலிக்கும், சகா ஒரு மாத்திரை நீட்டுவார். அது டிரமடால் என்றால் தொடாதீர்கள். டிப்ரஷன் மாத்திரையோடு சேர்ந்தால் உடம்பில் செரோடோனின் அளவு மீறி நடுக்கம், வியர்வை, ஜுரம், வலிப்பு வரை போகலாம். இருமல் மருந்தில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் அதே வகை. டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் இதோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். பாராசிட்டமால் பாதுகாப்பு.

டிப்ரஷனில் ஞாபகமும் கவனமும் மந்தமாகும். அதன் மேல் வார்டில் கன்னடம். கிருஷ்ணகிரியிலிருந்து வந்தவர் பாக்கெட் நோட்டில் இருபது வாக்கியம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டால் பாதிப் பதற்றம் குறையும்: 'நோவு எல்லி?' (வலி எங்கே?), 'ஊட்டா ஆய்த்தா?' (சாப்பிட்டாச்சா?). இரண்டாவது கேள்வியை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயாளியின் கதை நம் கதையாகும்போது

விஷம் குடித்து வந்த பெண்ணுக்கு உங்கள் வயதே இருக்கும். வீட்டுக்கு வந்தும் அவள் முகம் போகவில்லை, டியூட்டி இல்லாத நாளும் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது, 'எனக்கும் இப்படித்தான் இருந்தது' என்று சொல்ல வாய் துடிக்கிறது என்றால் எல்லை கலைகிறது என்று பொருள். உங்கள் போன் நம்பரைக் கொடுக்காதீர்கள். பயிற்சிக் காலத்தில் சொந்த நோயைப் பேஷன்டிடம் சொல்லாதீர்கள். இன்சார்ஜிடம் ஒரே வாக்கியம் போதும்: 'சிஸ்டர், இந்தக் கேஸ் இன்றைக்கு எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, வேறு பெட் கொடுங்கள்.' காரணம் விளக்க வேண்டியதில்லை.

சறுக்கல் மெல்லத்தான் வரும். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே விழிப்பு, மெஸ் டிபனைத் தவிர்ப்பது, ஒரே வரியை ஐந்து முறை படிப்பது. இதில் இரண்டு ஒரு வாரம் நீடித்தால் அடுத்த ஓ.பி. வரை காத்திராமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் மாத்திரை அட்டைகளை அறைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, தனியாக இல்லாமல் 14416-க்குப் பேசுங்கள். அது டெலி-மானஸ், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. அவசரம் என்றால் நிம்ஹான்ஸ் எமர்ஜென்சி இரவிலும் திறந்திருக்கும்.

நிறுத்துவது

நன்றாகிவிட்டது என்று இரண்டாம் மாதமே நிறுத்துவது மிகச் சாதாரணமான தவறு. முதல் முறை வந்த நோய்க்குக் குணமான பிறகும் 6 முதல் 9 மாதம் மாத்திரை தொடர வேண்டும். மறுபடி வந்தவர்களுக்கு இன்னும் நீளும். நிறுத்தும்போது டாக்டர் சொல்லும் அளவில் படிப்படியாகத்தான். சட்டென்று விட்டால் தலைச்சுற்றல், தலைக்குள் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, எரிச்சல் எல்லாம் வரும். வென்லாஃபாக்சின், பராக்சிடினில் இது கடுமை. குறைக்கத் தொடங்கும் தேதி பல்கலைக்கழகத் தேர்வுக்கோ ஐ.சி.யூ. போஸ்டிங்குக்கோ முந்தைய மாதத்தில் விழக் கூடாது. நீண்ட விடுமுறையின் முதல் வாரம் வசதி. கடைசி மாத்திரைக்குப் பிறகும் ஆறு மாதமாவது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பி.எச்.கியூ.-9 தாளை எடுத்து நிரப்புங்கள். எண் இரண்டு முறை தொடர்ந்து ஏறினால் அந்தத் தாளோடேயே ஓ.பி.க்குப் போங்கள்.