சுங்கை சிப்புட்டில் உங்கள் முதல் தீபாவளிப் பலகாரம்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) சாயங்காலமானால் எண்ணெய் மணக்க ஆரம்பித்துவிடும். இங்கே யாரும் ‘ஸ்வீட் செய்கிறோம்’ என்று சொல்வதில்லை. ‘பலகாரம் சுடுகிறோம்’ என்பார்கள். முறுக்கும் அதில் அடக்கம், அதிரசமும் அடக்கம். கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து 2009இல் இங்கே வந்தவள் நான். அம்மாவிடம் கற்றதெல்லாம் இருக்கிறதே, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கைப்பழக்கம் அதேதான். ஆனால் மாவு, காற்று, அடுப்பு எல்லாமே வேறு. ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே இருக்கும் இந்த ஊருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது மாவைப் பற்றித்தான்.

பாக்கெட்டில் மலாய்மொழியில்தான் எழுதியிருக்கும். ‘தெப்போங் பெராஸ்’ என்றால் அரிசி மாவு. ‘தெப்போங் புலுட்’ என்றால் ஒட்டரிசி மாவு. இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே வழவழப்பு. யானைச் சின்னம் போட்ட தாய்லாந்து மாவு எல்லாக் கடைகளிலும் கிடைக்கிறது. அதில் சிவப்பு அச்சு அரிசி மாவு, பச்சை அச்சு ஒட்டரிசி மாவு. முதல் வருடம் நான் பச்சையை வாங்கி வந்து அச்சு முறுக்குக்குக் கரைத்தேன். மாவு அச்சை விட்டு இறங்கவே இல்லை. கரண்டியால் தள்ளி இறக்கியதும் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அன்று ஒரு கிலோ மாவும் ஆறு முட்டையும் வீணாயின. ஆமாம், இங்கே அச்சு முறுக்கில் பெரும்பாலும் முட்டை சேர்ப்பார்கள். நீங்கள் சைவமென்றால், யார் வீட்டில் கொடுத்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சைப்பயறு ‘கச்சாங் ஹிஜாவ்’, நெய் ‘மின்யாக் சாபி’, ஏலக்காய் ‘புவா பெலாகா’. இந்த மூன்றும் தெரிந்தால் பாதிக் கடையைச் சுற்றிவிடலாம். வெல்லத்துக்குப் பதிலாகக் ‘குலா மெலாகா’ என்று தென்னஞ்சாற்றில் காய்ச்சிய கட்டிச் சர்க்கரையை யாராவது காட்டுவார்கள். பாயசத்துக்கு அது அருமை, அந்த வாசம் நம் ஊர் வெல்லத்தில் வராது. ஆனால் அதிரசத்துக்கு வேண்டாம், பதம் பிடிபடாது. தமிழர் மளிகைக் கடையில் இந்தியாவிலிருந்து வரும் வெல்லத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அதிரசத்தை முதல் வருடமே தொடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். அக்டோபர், நவம்பரில் இங்கே பிற்பகல் தவறாமல் இடி மழை பெய்யும். ஊறவைத்த அரிசியை நிழலில் உலர்த்துவதற்கே காத்திருக்க வேண்டும். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் நம் ஊரில் சரியாக வந்த பாகு இங்கே இளகி நிற்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்க்காமல் பாகை இறக்கவே கூடாது.

நெய் உருண்டையில் தொடங்குங்கள். இந்த ஊர்த் தமிழர் வீடுகளில் அது இல்லாமல் தீபாவளி கிடையாது. பாகும் தேவையில்லை. என் மாமியார் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) வளர்ந்தவர். பகலில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிவிட்டு வந்து, ராத்திரி நாலைந்து வீட்டுப் பெண்கள் ஒரே வாசலில் உட்கார்ந்து உருண்டை பிடிப்பார்களாம். பால்மரம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது, ஆட்களும் தாமான்களுக்குக் குடிவந்துவிட்டார்கள். ஆனாலும் அவர் இன்றுவரை தனியாக உருண்டை பிடித்து நான் பார்த்ததில்லை.

ஒரு கிலோ பச்சைப்பயறை இளந்தீயில் வாசம் வரும்வரை வறுத்து, மில்லில் நைசாக அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். (தீபாவளி நெருங்கினால் மில்லில் வரிசை நிற்கும், முன்கூட்டியே போய்விடுங்கள்.) பொடித்த சீனி 700 கிராம், ஏலக்காய்ப்பொடி, நெய்யில் வறுத்த முந்திரி, திராட்சை எல்லாவற்றையும் மாவில் கலக்குங்கள். நெய் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகவே போதும். நன்றாகச் சுட வைத்து, மாவில் ஒரு பகுதிக்கு மட்டும் ஊற்றுங்கள். மொத்தத்துக்கும் ஊற்றினால் பிடித்து முடிப்பதற்குள் ஆறிவிடும், ஆறிய மாவு உதிரும். ஒருவர் நெய்யை ஊற்றிக் கரண்டியால் கிளற, இன்னொருவர் சூடு குறைவதற்குள் பிடிக்க வேண்டும். நான்கு விரலை மடக்கி உள்ளங்கையோடு அழுத்தி, மூன்று முறை திருப்பினால் போதும். கை சிவந்துவிடும். அத்தை என் முதல் உருண்டையைக் கையில் வாங்கி லேசாகத் தட்டினார், அது உடைந்தது. ‘இன்னும் அழுத்தும்மா, மாவுக்கு வலிக்காது’ என்றார். இருபதாவது உருண்டைக்கு மேல்தான் எனக்குச் சரியாக வந்தது. காற்றுப் புகாத டின்னில் வைத்தால் இரண்டு வாரத்துக்குக் கெடாது.

தனியாகச் செய்ய வேண்டாம் என்று இதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். தெருவில் யார் பலகாரம் சுடுகிறார்கள் என்று விசாரித்து, ‘அக்கா, நானும் வந்து உருட்டட்டுமா?’ என்று கேளுங்கள். இல்லை என்று சொல்லும் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

பிறந்தநாள், வளைகாப்பு போன்றவற்றுக்குத் தேங்காய் மிட்டாய் சுலபம். சந்தையில் தேங்காயை இயந்திரத்தில் துருவி எடை போட்டுத் தருவார்கள். பழுப்புத் தோலைச் சீவிவிட்டுத் துருவச் சொல்லுங்கள், நிறம் பளிச்சென்று வரும். தேங்காய் சேர்ந்தது எதுவும் இந்தச் சூட்டில் அதிக நாள் தாங்காது.

அப்புறம், அடுப்பு சமாசாரம். ரிங்கிட்டை இங்கே தமிழில் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். கேஸின் கட்டுப்பாட்டு விலை கிலோவுக்கு 1 வெள்ளி 90 காசு, 14 கிலோ சிலிண்டர் 26 வெள்ளி 60 காசு. வீட்டுக்குக் கொண்டுவந்தால் கூலி தனி. 2 வெள்ளி 50 காசுக்கு விற்கும் 1 கிலோ பாக்கெட் எண்ணெய் அரசாங்க மானியத்தில் வருவது, இந்நாட்டுக் குடிமக்களுக்கானது. நாம் போத்தல் எண்ணெய்க்குக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்சி இங்கே ஓடும். சுவரில் இருப்பது மூன்று செவ்வகக் கம்பி பிளக் என்பதால், நல்ல அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

செய்து முடித்ததும் உடனே பங்கு போட்டுவிடாதீர்கள். தீபாவளிக்கு முதல் நாள், இறந்துபோன பெரியவர்களுக்குப் படையல் போடும் வழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. அதற்குமுன் பலகாரத்தில் வாய் வைப்பதில்லை என்ற வீடுகளும் உண்டு. அந்த வருடம் துக்கம் நடந்த வீட்டில் எண்ணெய்ச்சட்டி வைக்க மாட்டார்கள். அவர்களுக்கு அக்கம்பக்கம்தான் பலகாரம் கொடுக்கும். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், முதல் டப்பா அங்கே போகட்டும்.

மலாய்க்கார அண்டை வீட்டுக்கும் கொடுங்கள். கொடுக்கும்போது என்ன எண்ணெய், என்ன நெய் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். வீட்டில் சமைத்ததை எடுத்துக்கொள்ளத் தயங்குபவர்கள் இருக்கலாம், அது மரியாதைக் குறைவில்லை. அவர்களுக்குக் கடையில் வாங்கிய ஹலால் முத்திரைப் பெட்டி ஒன்றைக் கொடுக்கலாம். எங்கள் பக்கத்து வீட்டுக் காக் (மலாயில் அக்கா) நெய் உருண்டையை விரும்பிக் கேட்டு வாங்குவார். டப்பாவை உடனே தர மாட்டார், காலியாகத் தருவது அவருக்குப் பிடிக்காது. ஹரி ராயாவுக்கு (நோன்புப் பெருநாளுக்கு) முதல் நாள் அது டொடோல் என்ற இனிப்போடு திரும்பி வரும். நல்ல மூடி உள்ள டப்பாவாகப் பார்த்துக் கொடுத்தனுப்புங்கள், அது பல வருடம் போய் வர வேண்டியிருக்கும்.