நந்தனம் கோல்ஃப் மைதானத்தை கேமுக்குள் கொண்டுவருவது எப்படி?

பிஜிஏ டூர் 2கே என்ற கோல்ஃப் வீடியோ கேம் வரிசையில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள டிபிசி சாக்ராஸ் மைதானம் இருக்கிறது. கேமோடு வரும் மைதானங்களில் சென்னை இல்லை. ஆனால் அதே கேமில் கோர்ஸ் டிசைனர் என்று ஒரு பகுதி உண்டு. அதில் நாமே மைதானம் வரைந்து மற்றவர்கள் ஆடுவதற்கு ஆன்லைனில் ஏற்றலாம். இதுவரை அதைத் திறந்தே பார்க்காதவர்களுக்காக இந்த விளக்கம்.

புதிதாக வருபவர்கள் நேராக டிசைனரைத் திறந்து, புல்லைத் தீட்டி, நாலு தென்னையை நட்டு, "சென்னை" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். ஆடிப் பார்த்தால் தென்னை வைத்த ஃப்ளோரிடாதான். அதனால் கேமைத் தொடுவதற்கு முன் வரைபடத்தோடு கொஞ்சம் உட்காருங்கள்.

படி 1: மைதானத்தைத் தேர்ந்தெடுங்கள்

என் பரிந்துரை நந்தனம், அதாவது அண்ணா சாலைப் பக்கம் இருக்கும் காஸ்மோ-டிஎன்ஜிஎஃப் மைதானம். 18 ஹோல் (குழி), பார் 72, அதாவது எல்லா ஹோலையும் மொத்தம் 72 முறை பந்தை அடித்து முடிப்பதுதான் அங்கே இலக்கு. சென்னை ஓப்பன் போன்ற தொழில்முறைப் போட்டிகள் நடந்த இடம் என்பதால் படங்களும் காணொளிகளும் தேடினால் கிடைக்கும்.

கிண்டியில் குதிரைப் பந்தயப் பாதைக்கு உள்ளேயே அமைந்த ஜிம்கானா மைதானம் இதைவிட சுவாரஸ்யமானது. ஆனால் 2024 செப்டம்பரில் அரசு ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. பிறகு அங்கே குளங்களும் வெட்டப்பட்டன. அதை வரைவதென்றால் எந்த ஆண்டின் கிண்டி என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். முதல் முயற்சிக்கு அந்தச் சிக்கல் வேண்டாம்.

முதலில் ஒரே ஒரு ஹோல் போதும். அதுவும் பார் 4 ஆக இருந்தால் நல்லது. முதல் அடி அடிக்கும் டீ, அங்கிருந்து போகும் புல்வெளிப் பாதையான ஃபேர்வே, மணல் பள்ளமான பங்கர், குழி இருக்கும் கிரீன் எல்லாம் அதிலேயே பழகிவிடும்.

படி 2: படத்தைப் படியுங்கள்

கணினியில் கூகுள் எர்த் ப்ரோவை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம்தான். அதில் பழைய செயற்கைக்கோள் படங்களையும் ஆண்டு வாரியாகப் பார்க்கலாம். இந்த வசதிதான் நமக்கு முக்கியம்.

சென்னைக்கு இரண்டு படம் எடுங்கள். ஒன்று டிசம்பர் அல்லது ஜனவரியில் எடுத்தது. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், மரங்களின் நிழல் நீளமாக விழும். எது ஒற்றை மரம், எது தோப்பு, எது உயரம், எது குட்டை என்று நிழலே சொல்லிவிடும். ஏப்ரல் கடைசியில் உச்சி வெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் வந்துவிடுவதால், பகல் நேரப் படத்தில் எல்லா மரமும் வெறும் பச்சை வட்டமாகத்தான் தெரியும். இன்னொன்று மே மாதப் படம். தண்ணீர் பாய்ச்சிய ஃபேர்வே பச்சையாகவும், பாய்ச்சாத ரஃப் (ஃபேர்வேக்கு வெளியே உள்ள புல்) காய்ந்து பழுப்பாகவும் இருப்பதால் எல்லைக் கோடு துல்லியமாகக் கிடைக்கும். மழை முடிந்த கையோடு எடுத்த படத்தில் இரண்டும் ஒரே பச்சை.

எந்தப் படமானாலும் 2016 டிசம்பருக்குப் பிந்தையதாக இருக்கட்டும். வர்தா புயல் ஊரில் சாய்த்த மரங்களைக் கேமில் திரும்ப நட வேண்டாம்.

ட்ரோன் விட்டுப் படம் எடுக்கும் யோசனை வரும். தனியார் கிளப் நிலம், விமான நிலையமும் பக்கம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல், அனுமதி வாங்காமல் அதில் இறங்காதீர்கள்.

படி 3: அளவு எடுங்கள்

எர்த்தின் ரூலரை யார்டுக்கு மாற்றுங்கள். டீயின் நடுவிலிருந்து ஃபேர்வேயின் நடுக்கோட்டைப் பின்பற்றி கிரீனின் நடு வரை அளக்க வேண்டும். ஹோல் வளைந்து போனால் வளைவில் ஒரு புள்ளி வையுங்கள். உதாரணத்துக்கு, டீயிலிருந்து வளைவு 230, அங்கிருந்து கிரீன் 160 என்றால் மொத்தம் 390 யார்டு. உலக ஹேண்டிகேப் முறை (கோல்ஃப் ஆட்டக்காரரின் திறனைக் கணக்கிடும் விதிகள்) ஆண்களுக்கான பார் 4-க்குத் தரும் வரம்பு 240 முதல் 490 யார்டு வரை. கிளப்பின் ஸ்கோர் கார்டு கையில் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கார்டை நம்புங்கள்.

ஃபேர்வேயின் அகலத்தை மூன்று இடத்தில் குறியுங்கள். ஒவ்வொரு பங்கரும் கிரீனின் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். டீயிலிருந்து கிரீன் எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். காற்று பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

படி 4: மேடு பள்ளம்

"உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறதே, அப்படியே போட்டுவிடலாமே" என்பார்கள். 2000-ஆம் ஆண்டு நாசா விண்கலம் ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவில் புள்ளிக்குப் புள்ளி சுமார் 30 மீட்டர் இடைவெளி. ஒரு முழு கிரீனுக்கு ஒன்றிரண்டு புள்ளிதான் விழும். போதாக்குறைக்கு மர உச்சியையும் கட்டடத்தையும் அது தரையோடு சேர்த்துக் கணக்கிட்டிருக்கும். சென்னை மாதிரி தட்டையான ஊரில் இதை நம்பினால், இல்லாத குன்றெல்லாம் முளைக்கும்.

டிசைனரில் தரையைத் தட்டையாகவே தொடங்குங்கள். புகைப்படங்களைப் பார்த்து, டீ மேட்டையும் கிரீனைச் சுற்றிய ஏற்ற இறக்கத்தையும் மட்டும் கையால் உயர்த்துங்கள். பிரஷ்ஷின் வலுவைக் குறைத்துக்கொண்டு செய்யுங்கள்.

படி 5: கேமுக்குள்

தீம் கேட்டால் டிராபிகல். அடுத்து டீ, வளைவு, கிரீன் மூன்றையும் எழுதி வைத்த தூரத்தில் வையுங்கள். முதலில் ஃபேர்வே, பிறகு பங்கர், கடைசியில் மரம். பொருட்கள் கூடக்கூட டிசைனரில் ஓர் அளவுமானி ஏறிக்கொண்டே போகும், நிரம்பிவிட்டால் புதிதாக எதையும் வைக்க முடியாது. முதல் ஹோலிலேயே காடு வளர்த்தவர்களுக்குப் பதினெட்டாவது ஹோலில் ஒரு புதர்கூட மிஞ்சாது.

நம்மூர் தூங்குமூஞ்சி மரம் கேமில் கிடைக்காவிட்டால், குடை மாதிரி பரந்த கிளை உள்ள எதையாவது எடுத்துப் பெரிதாக்குங்கள். பந்து மோதுவது பெயரில் இல்லை, கிளையின் உயரத்திலும் அகலத்திலும்தான். பந்து போய் விழும் தூரத்தில் உள்ள மரங்களைத்தான் சரியான இடத்தில் வைத்தாக வேண்டும். சுற்றுச்சுவர் ஓரத்தில் கண்ணளவு போதும்.

காற்று இல்லாத சென்னை மைதானம் சப்பென்று இருக்கும். கோடையில் பகல் ஏறியதும் கடல் காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வீசும். தென்மேற்குப் பருவத்தில் காலை வேளையில் மேற்குக் காற்று. சுற்றைத் தொடங்கும் அமைப்பில் திசையும் வேகமும் தேர்வு செய்யலாம். கிழக்கு நோக்கிய ஹோல் பிற்பகலில் எதிர்காற்று, அதே ஹோல் ஜூலை காலையில் பின்காற்று. அடிக்கும் கிளப்பே (கோல்ஃப் மட்டை) மாறிவிடும்.

படி 6: உங்கள் பை

சொந்த கிளப்பை அப்படியே கேமில் ஏற்றும் வழி கிடையாது. உரிமம் பெற்ற பிராண்டுகளில் உங்களுடையதற்கு நெருக்கமானதை எடுக்க வேண்டியதுதான். பெயரைவிட லாஃப்ட், அதாவது கிளப் முகத்தின் சாய்வுக் கோணம், முக்கியம். குறைந்த தூரத்துக்கு எடுக்கும் பிட்சிங் வெட்ஜ் பழைய செட்டில் 48 டிகிரி, புதியதில் 44 வரைகூட வரும். தூரம் நன்றாகவே வேறுபடும். விதி அனுமதிப்பது மொத்தம் 14 கிளப். எட்டோ பத்தோதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் கேமிலும் அவற்றை மட்டுமே தொடுங்கள், அப்போதுதான் அது உங்கள் ஆட்டம். பயிற்சி ரேஞ்சில் அடித்த தூரத்தை அளவுகோலாக வைக்காதீர்கள், தேய்ந்த பயிற்சிப் பந்து குறைவாகத்தான் போகும்.

பிசியில் கேமின் ஃபைலை மாற்றிப் புது கிளப் நுழைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆன்லைன் ஆட்டத்துக்குப் போகும் கணக்கில் அதைச் செய்யாதீர்கள், கணக்கே முடங்கலாம்.

படி 7: ஏற்றுமுன்

கிளப்பின் சின்னத்தைப் பயன்படுத்தாதீர்கள். பெயரிலும் "நந்தனம் மாதிரி" என்பது போல ஏதாவது வையுங்கள். கிளப்பே வெளியிட்டது என்ற எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. பிறகு எல்லா டீயிலிருந்தும் ஆடிப் பாருங்கள். முன் டீயிலிருந்து ஆடும்போது பங்கர் தவறான இடத்தில் நிற்பது அப்போதுதான் தெரியும்.

அங்கே உண்மையில் ஆடும் ஒருவரையோ, ஆடுபவரின் கிளப் பையைத் தூக்கி வரும் ஒரு கேடி அண்ணனையோ பிடித்து கன்ட்ரோலரைக் கையில் கொடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார். "இந்த இடத்துலேருந்து எந்த அயர்ன் எடுப்பீங்க? கிரீன்ல பந்து எந்தப் பக்கம் இறங்கும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதும் கேமில் நடப்பதும் ஒத்துப்போகும்வரை பப்ளிஷ் பொத்தானைத் தொடாதீர்கள்.