திறமூல மென்பொருளுக்கு மாறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூல நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமம் தரும் திறமூல மென்பொருளுக்கு, உரிமக் கட்டணம் இல்லை என்பதாலேயே செலவும் இல்லை என்று கணக்குப் போடுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பழைய தரவை மாற்றுவதற்கும், பணியாளர்களுக்குப் பயிற்சி அளிப்பதற்கும், தொடர்ந்து பராமரிப்பதற்கும் பணமும் ஆளும் தேவை.

இதைவிட ஆபத்தானது, மூல நிரல் எல்லார் பார்வைக்கும் திறந்திருப்பதால் யாராவது சரிபார்த்திருப்பார்கள் என்று நம்பி இருந்துவிடுவது. இணையத் தொடர்பை மறையாக்கம் செய்ய ஏராளமான இணையத்தளங்கள் சார்ந்திருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் (பிற மென்பொருள்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல் தொகுப்பில்) 2012இல் வெளியான பதிப்போடு வந்த ஹார்ட்பிளீட் என்ற வழு (நிரல் பிழை), 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. அதுவரை அந்த நிரலை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே பராமரித்துவந்தனர். அதே சமயம், 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் புகுத்தப்பட்டிருந்த பின்கதவு (கள்ளத்தனமாக உள்நுழைவதற்கான மறைவழி) பிடிபட்டதற்கு இந்தத் திறந்த தன்மையே துணைநின்றது. தொலைவிலுள்ள கணினியைப் பாதுகாப்பாக இயக்க உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், காரணத்தைத் தேடிப் போய், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் அது ஒளிந்திருப்பதைக் கண்டறிந்தார். ஆனால் அதைப் புகுத்தியவர் ஈராண்டுக்கும் மேலாகப் பங்களித்து, நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்பாளர் ஆனவர் என்பதையும் மறக்கக் கூடாது. எனவே ஒரு மென்பொருளைத் தேர்வதற்கு முன், கடைசிப் பதிப்பு எப்போது வெளிவந்தது, வழு அறிக்கைகளுக்குப் பதில் வருகிறதா, முழுப் பொறுப்பும் ஒருவர் தலையிலேயே விழுந்திருக்கிறதா என்பவற்றைப் பார்த்தே ஆக வேண்டும்.

எந்தெந்த நிரலகங்களைப் பயன்படுத்துகிறோம் என்ற பட்டியலை வைத்திருக்காததும் பெரிய குறை. 2021 டிசம்பரில், மென்பொருளின் நிகழ்வுகளைப் பதிவுசெய்யும் நிரலகமான லாக்4ஜேயின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அது தங்கள் மென்பொருளுக்குள் இருக்கிறதா என்பதே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை.

உரிமத்தைப் படிக்காமல் நிரலை எடுத்தாள்வதும் கூடாது. திறமூல உரிமங்களில் ஒன்றான ஜிபிஎல் உள்ள நிரலை மாற்றி வெளியாருக்கு வழங்கினால், மூல நிரலையும் அதே உரிமத்தில் அளிக்க வேண்டும். மற்றொரு திறமூல உரிமமான எம்ஐடியில் அந்தக் கட்டாயம் இல்லை. உரிமமே குறிப்பிடப்படாத நிரல், இணையத்தில் கிடைத்தாலும் திறமூலம் ஆகாது.

ஒரே நிறுவனத்தின் பிடியிலுள்ள திட்டம் என்றும் மாறாது என எண்ணுவதும் தவறே. 2024இல் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிறுவனம், அதன் உரிமத்தைக் கூடுதல் கட்டுப்பாடுகள் உள்ளதாக மாற்றியது. ஆனாலும் பழைய நிரலிலிருந்து வால்கீ என்ற கிளை (தனியாகப் பிரிந்து வளரும் திட்டம்) சில நாள்களிலேயே தொடங்கப்பட்டதால், பயனர்களுக்கு மாற்று வழி கிடைத்தது. தனியுரிம மென்பொருளில் இவ்வாறு பிரிந்து செல்லும் உரிமை இல்லை; என் மதிப்பீட்டில் திறமூலத்தின் தலையாய பலம் இதுவே.

அலுவலகம் முழுவதையும் ஒரே நாளில் மாற்றுவதையும் தவிர்க்க வேண்டும். மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) உள்ள விரிதாள், சிக்கலான அட்டவணை கொண்ட அறிக்கை போன்ற கடினமான கோப்புகளை லிப்ரெஆபிஸ் என்ற திறமூல அலுவலக மென்பொருளில் திறந்து, திருத்தி, சேமித்து, மறுபடியும் பழைய மென்பொருளில் திறந்து பார்த்த பிறகே மாறும் தேதியைக் குறிப்பது நல்லது.